அம்பாசிடர், ஹெரால்டு, பத்மினி: பழைய கார் இன்ஜினை அடையாளம் காண்பதும் மேம்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருப்பது 1974 மார்க் 2 அம்பாசிடர், அப்பா ஓட்டியது. அதை ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு அதிகம் பழக்கம் அம்பாசிடர்தான், அதனால் அதற்குத்தான் இடமும் அதிகம். ஹெரால்டும் பத்மினியும் கடைசிப் பக்கமாக வரும்.

பானெட்டைத் திறந்தேன். உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். ஹெட்டின் தலையில் நட்டுக்குத்தாக நிற்கிறதா, மேலே ராக்கர் கவரே இல்லையா? அப்படியானால் அது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். அம்பாசிடருக்கு முன் வந்த லேண்ட்மாஸ்டரிலும் ஆரம்பகால அம்பாசிடரிலும் வந்தது. இன்று அதைப் பார்ப்பதே அரிது, கிடைத்தால் ஒன்றும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் அழுத்திச் செய்த ராக்கர் கவர் இருந்து, கார்ப்பரேட்டரும் இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளும் எல்லாம் இடப்பக்கமே குவிந்து, டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் வலப்பக்கம் இருந்தால் அது 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ். இடம் வலம் எப்போதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிற கணக்கு. மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் டேப்பட் கவர்கள் தெரியும், எண்ணெய் கசிந்து கறுத்துப்போய் இருக்கும் (கசியாமல் இருந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும்).

அந்தப் பக்கக் கவர்கள் இல்லை, கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருக்கிறது, கியர் லீவர் தரையில், ஐந்து கியர் என்றால் அது 1817 சிசி இசுசு. 1990களில் 1800 ஐஎஸ்இசட் என்று வந்த மாடலின் இன்ஜின். உங்கள் ஆர்சியில் 1974 என்று போட்டிருந்து பானெட்டுக்குள் இசுசு உட்கார்ந்திருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆர்டிஓ விஷயம் கீழே வருகிறது, அதைத் தவறாமல் படியுங்கள்.

இன்ஜின் நம்பர் பிளேட்டை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். பி சீரிஸில் பிளாக்கின் வலப்பக்கம் டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்து இருக்கும். இங்கிலாந்தில் செய்த பிஎம்சி இன்ஜின்களில் 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் சிசியைச் சொல்லும்: 15 என்றால் 1489, 16 என்றால் 1588 அல்லது 1622, 18 என்றால் 1798. நடுவில் வரும் எச், எல் என்ற எழுத்துகள் ஹை கம்ப்ரஷனா லோ கம்ப்ரஷனா என்பதற்கான குறி. இங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் போட்ட எண்களுக்கு அந்த அகராதியை அப்படியே வைத்துப் படிக்காதீர்கள்.

தகடு ரிவெட்டில்தான் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஐம்பது வருஷத்தில் மூன்று பேர் இன்ஜினைப் பிரித்திருப்பார்கள், பிளாக் வெடித்து வேறு பிளாக் வாங்கிப் பழைய தகட்டை அதில் அடித்தவர்களும் உண்டு. ஆர்சியில் ஒரு எண், தகட்டில் ஒரு எண் என்றால் வாங்கும் முன்பே நின்றுவிடுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே என்ன பிஸ்டன், என்ன கிராங்க் என்று தகடு சொல்லாது. அதை அளந்துதான் பார்க்கவேண்டும்.

"40 சைஸ் போட்ட இன்ஜின்" என்று விற்பவர் சொல்கிறார். அப்படி என்றால் என்ன?

தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, அதாவது உள்ளே சமமாகக் குடைந்து பெரிதாக்கி, 0.040 அங்குலம் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 20, 30, 40, 60 எல்லாம் இதே கணக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் கரிக்கு அடியில் இந்த எண் குத்தியிருக்கும். மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும், கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள்.

பி சீரிஸ் 1489-இன் ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மிமீ. போரின் வர்க்கம் பெருக்கல் 0.7854, பெருக்கல் ஸ்ட்ரோக், பெருக்கல் நான்கு. சென்டிமீட்டரில் போட்டால் 1489 வரும். 40 சைஸில் 1531 சிசி, 60 சைஸில் 1552 சிசி. "60 சைஸ் சார், பவர் எகிறும்" என்று யாராவது சொன்னால், கூடுவது 63 சிசிதான் என்று நினைவில் வையுங்கள். அதைவிட முக்கியமாக, அதற்கு மேல் போர் போடச் சுவரில் இரும்பு மிச்சமில்லை. அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்கு வரவேண்டியதுதான். ஸ்லீவ் அடிப்பது கேவலம் ஒன்றும் இல்லை, நல்ல லேத்தில் அடித்தால் நீண்ட நாள் ஓடும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. வெர்னியரைச் சிலிண்டர் வாயில் வைத்து அளந்தால் தேயாத விளிம்பைத்தான் அளப்பீர்கள், ரிங் ஓடும் இடம் அதற்குக் கீழே. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக, நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள். ஒரு முறை நான் பிளாக்கைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய், மூன்று சிலிண்டரை அளந்துவிட்டு நாலாவதும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிய சீட்டோடு திரும்பி வந்தேன். அப்படி இல்லை என்பது பிஸ்டன் போடும்போது தெரிந்தது.

பிஸ்டன் சைஸ் தெரிந்துவிட்டது. கடையில் போய் அதைச் சொன்னால் போதுமா?

போதாது. லோ கம்ப்ரஷன், ஹை கம்ப்ரஷன் இரண்டும் ஒரே போர்தான், வித்தியாசம் பிஸ்டன் தலையில். 7.2 கம்ப்ரஷனா 8.3 கம்ப்ரஷனா என்பதைத் தலையில் இருக்கும் குழிதான் தீர்மானிக்கிறது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கஜன் பின்னின் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நான்கும் ஒரே வகையாக இருக்கவேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் என் இன்ஜினை முதலில் பிரித்தபோது மூன்று ஒரு ஜாதி, ஒன்று வேறு ஜாதி. அப்பாவிடம் கேட்டேன். "அப்ப அதுதான் கிடைச்சுது" என்றார்.

கிராங்க் பேரிங்குக்கும் இதே வேலை. ஷெல்லைக் கழற்றி முதுகைப் பாருங்கள், 010, 020, 030 என்று அண்டர்சைஸ் அச்சிட்டிருக்கும். எண்ணே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு. மெயினும் பிக் எண்டும் வெவ்வேறு சைஸில் இருக்கலாம், அது தப்பில்லை. 1489-இல் மெயின் பேரிங் மூன்றே மூன்று. பழைய கிராங்கில் விரிசல் சோதனை செய்யாமல் கிரைண்டிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

டீசல் அம்பாசிடர் சாமான் பெட்ரோலுக்குப் போகுமா?

இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மார்க் 4-இல் வந்த 1489 சிசி டீசல் இன்ஜினும் அதே குடும்பம், அதே சிசி. கவுன்டரில் "அம்பாசிடர் ஒன்றரை லிட்டர்" என்று சொன்னால் அவர் கைக்கு முதலில் வருவதை எடுத்துக் கொடுப்பார், அவர் மேல் தப்பில்லை. எனக்கு ஒரு தடவை ஹெட் கேஸ்கட் அப்படி வந்தது. அட்டைப் பெட்டியில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. நல்லவேளையாக ஹெட் மேல் வைத்துத் தண்ணீர் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். பெட்ரோலா டீசலா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பழைய கேஸ்கட்டையும் கையோடு கொண்டு போங்கள், கிழிந்திருந்தாலும் சரி.

சென்னையில் சாமான் எங்கே வாங்குவது? புதுப்பேட்டையா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடா?

புது சாமான், கேஸ்கட், பேரிங், பெல்ட், ஹோஸ் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பிளாக், ஹெட், மேனிஃபோல்டு, பிராக்கெட் மாதிரி இரும்புச் சாமான் புதுப்பேட்டை. இரண்டுக்கும் காலையிலேயே போய்விடுங்கள், சாம்பிள் இல்லாமல் போகாதீர்கள். போட்டோ காட்டி வாங்கினால் பாதி முறை திரும்பப் போகவேண்டி வரும்.

பழைய ஸ்டாக்கில் கண் வைக்கலாம். ஒரு காலத்தில் இந்த வண்டிகளுக்கான இன்ஜின் சாமானில் பெரும் பங்கு நம் ஊரிலேயே செய்தது: செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், வால்வுக்கு ரானே. அட்டைப்பெட்டி பழுப்பேறிய அசல் வால்வு ஒன்று கிடைத்தால், பளபளக்கும் பெயர் தெரியாத புது வால்வைவிட அதைத்தான் எடுப்பேன். ரப்பர் சாமானில் மட்டும் இது நேர்மாறு. பழைய ஸ்டாக் ஆயில் சீல், டயஃப்ரம், ஹோஸ் எதுவும் வேண்டாம், அலமாரியிலேயே கிழடாகியிருக்கும்.

எம்எம் ஸ்பானர் செட் இருக்கிறது. போதுமா?

பத்மினிக்குப் போதும், அது ஃபியட். அம்பாசிடரும் ஹெரால்டும் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்பது 12.7 மிமீ. அதில் 13 ஸ்பானர் நுழையும், இரண்டு முறை கழலும், மூன்றாம் முறை நட்டின் முனை மழுங்கும். 7/16, 1/2, 9/16 மூன்றும் வாங்கினாலே பாதி இன்ஜினைப் பிரித்துவிடலாம். உங்கள் வண்டியில் நட்டுகளின் முனை மழுங்கியிருப்பதை வைத்தே முன்னால் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மரை கெட்ட ஓட்டையில் எம்எம் போல்ட்டைத் திணித்து வைத்திருப்பதும் சகஜம், கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த ஓட்டையின் பெயரெழுதிய கவரில் போடுங்கள்.

இன்ஜின் பிரிக்கும் நிலையில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

புகையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒட்டி வருகிறதா என்பது முக்கியம், 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தேடவேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி லேப்பிங் செய்து (வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தி) முடிக்கலாம். "எதுக்கும் முழுசா பிரிச்சுடலாம் சார்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

சரி, மேம்படுத்துவதற்கு வருவோம். முதல் செலவு எதில்?

தண்ணீரில். சிரிக்காதீர்கள். சென்னையில் இந்த இன்ஜின்களைக் கொல்வது ஓட்டம் அல்ல, சூடும் போர்வெல் தண்ணீரும்தான். பல வருஷம் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பிளாக்கின் பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றி, செங்கல் மாதிரி உப்பும் துருவும் இறுகிப்போய் இருக்கும். பிளாக்கில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, உள்ளே சேறு அடைத்திருக்கிறது. பிளாக்கின் பக்க ஓட்டைகளை மூடியிருக்கும் கோர் பிளக் தகடுகளைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுக் குடைந்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்து, புது பிளக் அடியுங்கள். இது ஒரு நாள் வேலை, நாறும் வேலை, ஆனால் இந்தப் பட்டியலில் இதைவிடப் பலன் தரும் ஒன்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துக் குழாய் குழாயாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அல்லது கோரையே மாற்றுங்கள். வாட்டர் பாடியில் (தண்ணீர் பம்ப்) ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் குளிருக்குத்தானே, சென்னைக்கு எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான்.

அப்புறம் தெர்மோஸ்டாட். நம் ஊர் மெக்கானிக்குகள் பழைய வண்டியில் முதலில் தூக்கிப் போடுவது இதைத்தான். அடைத்த ரேடியேட்டரை அது குணப்படுத்தாது, ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலை ஓட்டத்தில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, எண்ணெய் சேறாகும், சிலிண்டர் தேயும். 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுங்கள், பிஎம்சி வெப்ப நாடுகளுக்குச் சொன்ன கணக்கு அதுதான்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் ஆசைக்கு மாற்றாதீர்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்த்தும் என்பது உண்மை, அதற்காக 7 பிஎஸ்ஐ தாங்கும் பழைய ரேடியேட்டரில் 13 பிஎஸ்ஐ மூடி போட்டால் ஈயப் பற்றவைப்புகள் விட்டுப்போகும்.

அண்ணா சாலை நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு எலக்ட்ரிக் ஃபேன் நல்லது. மாருதி 800 ஃபேன் கிட்டத்தட்டப் பொருந்தும், ரிலேவும் வெப்ப சுவிட்சும் வைத்துப் போடுங்கள், டேஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் வேண்டாம், நிச்சயம் மறப்பீர்கள். ஆனால் டைனமோ வைத்திருக்கும்வரை இந்த ஃபேனைத் தொடவேண்டாம், ஏன் என்பது கீழே.

இ20 பெட்ரோல் போட்டால் என்ன ஆகும்?

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்ததுதான், ஆகவே "போடலாமா" என்பது கேள்வியே இல்லை. மூன்று இடத்தில் வேலை இருக்கிறது.

ரப்பர் முதலில். ஏசி பம்ப்பின் (பெட்ரோல் பம்ப்) டயஃப்ரம், பெட்ரோல் ஹோஸ், கார்ப்பரேட்டர் சீல்கள் எல்லாம் எத்தனாலுக்குச் செய்தவை அல்ல, ஊறி மெத்தென்றாகும் அல்லது விரிசல் விடும். எத்தனால் தாங்கும் விட்டான் வகை ஹோஸ் வாங்கி முழு லைனையும் மாற்றுங்கள். சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் வண்டியே போகும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள்.

அடுத்து கலவை. சுத்தமான பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும், இழுவையில் தயங்கும். எஸ்யு கார்ப்பரேட்டர் என்றால் அடியில் உள்ள ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கினால் தீர்ந்தது. சோலெக்ஸ் என்றால் ஒரு படி பெரிய மெயின் ஜெட் தேடவேண்டும். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு.

கடைசியாக டேங்க். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலம் முழுக்க வண்டியைப் பாதி டேங்கோடு நிறுத்திவைத்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி டேங்கை அரிக்கும். ஓட்டாமல் வைப்பதென்றால் வடித்துவிடுவது நல்லது. இதில் ஒரே ஆறுதல், இ20-இன் ஆக்டேன் பழைய பெட்ரோலைவிட அதிகம், 8.3 கம்ப்ரஷன் இன்ஜின் தட்டாது.

ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு வால்வு சீட் மாற்றவேண்டுமா?

ஈயம் போய் எவ்வளவு காலமாகிவிட்டது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அதுதான். அதற்குப் பிறகும் உங்கள் ஹெட் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அவசரமில்லை. எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே போகிறது. எப்படியும் ஹெட்டைக் கழற்றுகிறபோது எக்ஸாஸ்டுக்கு மட்டும் கடின சீட் அடித்துவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டை (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம், நான் போட்டிருக்கிறேன், ஆனால் பழைய பாயிண்ட் தகட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருக்கிறேன். பாயிண்ட் தேய்ந்தால் வண்டி சொல்லிச் சொல்லிப் படுக்கும், மாட்யூல் போனால் பட்டென்று நின்றுவிடும், விக்கிரவாண்டி டோல்கேட்டில் யாரும் மாட்யூல் வைத்திருக்க மாட்டார்கள்.

வாங்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்திருப்பதைப் படியுங்கள், லூகாஸ் 25டி4-ஆ 45டி4-ஆ என்று இருக்கும், மாட்யூல் அதற்கேற்ப மாறும். எர்த் எது என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் நொடியில் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றாமல் எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவாது. பாயிண்டோடே இருக்கிறேன் என்பவர்களுக்கு, 25டி4 இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ. சிகரெட் அட்டை கணக்கு வேண்டாம், ஃபீலர் கேஜ் வாங்குங்கள்.

டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றுவது?

இரவில் ஓட்டுவீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹெட்லைட், வைப்பர், மேலே சொன்ன எலக்ட்ரிக் ஃபேன் மூன்றும் சேர்ந்தால் பேட்டரிதான் பலி. மாற்றும்போது பழைய ரெகுலேட்டர் பெட்டியைச் சுற்றில் இருந்து எடுத்துவிடவேண்டும், மெயின் வயரைத் தடிமனாக்கவேண்டும், புல்லி உங்கள் பெல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். எர்த் நெகட்டிவாக இருக்கவேண்டும். இது ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

பவர் கூட்டவேண்டும். ட்வின் கார்ப்பரேட்டர்? பெரிய இன்ஜின்?

இந்த ஹெட்டின் பக்கவாட்டில் போர்ட்டுகளை எண்ணிப் பாருங்கள், ஐந்துதான் இருக்கும். நான்கு சிலிண்டருக்கு இன்லெட் இரண்டு, எக்ஸாஸ்ட் மூன்று, எல்லாம் ஒரே பக்கம். ஒரே வாசலில் இரண்டு குடும்பம் போய்வருகிற வீடு மாதிரி. எத்தனை கார்ப்பரேட்டர் மாட்டினாலும் வாசல் அதுதான். இங்கிலாந்தில் எம்ஜிஏ காருக்கு இதே 1489-இல் ட்வின் எஸ்யு போட்டார்கள், ஆனால் பெரிய வால்வும் வேறு மேனிஃபோல்டும் சேர்த்து. கார்ப்பரேட்டரை மட்டும் இரண்டாக்கினால் ட்யூனிங் தலைவலிதான் இரண்டாகும்.

நல்ல நிலையில் உள்ள ஒரு எஸ்யு, பிஸ்டன் தடையில்லாமல் விழுந்து "டக்" என்று சத்தம் கேட்கிற மாதிரி, டேம்பரில் 20 கிரேடு எண்ணெயோடு, சரியான டைமிங்கோடு இருந்தாலே வண்டி வேறு மாதிரி ஓடும். பாதிப் பேர் பவர் இல்லை என்று சொல்வது டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்த வண்டியைத்தான்.

இசுசு மாற்றம் வேறு கதை. 1.8 லிட்டர், ஐந்து கியர், நெடுஞ்சாலையில் நிஜமாகவே சுகம். ஆனால் மவுன்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் மாறும், ஸ்டீயரிங்கில் இருந்த கியர் லீவருக்குப் பதில் தரையை வெட்டவேண்டும். அந்த வெட்டைத் திரும்பப் பெற முடியாது. என் கருத்து, ஓட்டம்தான் முக்கியமென்றால் அந்தப் பணத்துக்கு இசுசு போட்டே வந்த அம்பாசிடர் ஒன்றைத் தேடி வாங்குங்கள், மார்க் 2-வை வெட்டாதீர்கள்.

ஆர்டிஓ என்ன சொல்லும்?

இன்ஜின் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வருகிறது. அனுமதி வாங்கி ஆர்சியில் புது எண்ணை ஏற்றவேண்டும், பழைய பிளாக் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாத பிளாக்கை வாங்கவே வாங்காதீர்கள், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்று உங்களிடம்தான் கேட்பார்கள். ரீபோர், ஸ்லீவ், ஆல்டர்னேட்டருக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லை.

2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம், நம்பரில் "விஏ" வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. நிபந்தனை, வண்டி அசல் வடிவில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கவேண்டும். இசுசு போட்டால் இந்தக் கதவு மூடியது. இன்னொன்று, விண்டேஜ் பதிவு வண்டியைத் தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போக முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். தினமும் ஓட்டுபவர்கள் பழைய பதிவையே எஃப்சி எடுத்துத் தொடர்வது மேல்.

என்னிடம் ஹெரால்டு இருக்கிறது. இதெல்லாம் பொருந்துமா?

தண்ணீர், இ20, ஆல்டர்னேட்டர் எல்லாம் பொருந்தும். சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் 1961-இல் கொண்டுவந்த வண்டி, பானெட் முழுக்க முன்பக்கம் கவிழ்வதால் இதன் இன்ஜினில் வேலை செய்வது போல் சுகம் வேறெதிலும் இல்லை, முன் டயர் மேலேயே உட்கார்ந்து டேப்பட் பார்க்கலாம். இந்திய ஹெரால்டு 948 சிசி, போர் 63, ஸ்ட்ரோக் 76 மிமீ. இங்கிலாந்தில் வந்த 1147-க்கு போர் 69.3. போர் போட்டு அங்கே போகலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள், 6 மிமீ தோண்ட இரும்பு கிடையாது.

இதற்கென்று ஒரு தனி நோய் உண்டு. கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கழன்று சம்ப்பில் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) விழும், பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். சோதனை எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வண்டியை நகர்த்தாமல் சம்ப்பை இறக்குங்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தே நிற்கும் பழக்கம் இந்த இன்ஜினுக்கு விஷம், நியூட்ரலுக்குப் போங்கள்.

பத்மினிக்கு?

1089 சிசி, போர் 68, ஸ்ட்ரோக் 75. ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளையும், போர்வெல் தண்ணீர் தண்ணீர்ப்பாதைகளைச் சுற்றி அலுமினியத்தை அரித்துத் தின்னும். ஹெட்டைக் கழற்றியதும் நேர்சட்டம் வைத்துப் பாருங்கள், தேவையென்றால் லேசாகச் சீவலாம், நாலு முறை சீவிய ஹெட்டில் கம்ப்ரஷன் ஏறித் தட்ட ஆரம்பிக்கும். வாங்கும்போதே ஹெட்டின் உயரத்தை இன்னொரு ஹெட்டோடு ஒப்பிடுங்கள்.

என்ன ஆயில்?

20டபிள்யு50 மினரல். இவை தட்டை டேப்பட் இன்ஜின்கள், மெல்லிய புது சிந்தெடிக் எண்ணெய்க்குச் செய்தவை அல்ல, அதை ஊற்றினால் இதுவரை கசியாத இடத்திலும் கசியும்.

எல்லாம் செய்துவிட்டேன், ஆனாலும் பெல் ஹவுசிங் (இன்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடும் கூடு) அடியில் எண்ணெய் சொட்டுகிறது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. மூன்று பேரிங் 1489-இல் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை மாதிரி ஒரு சுருள்தான் எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளவேண்டும், இன்ஜின் நின்றால் அதுவும் நின்றது. பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள், அடைத்திருந்தால் உள்ளழுத்தம் கூடி அதிகம் தள்ளும். அது சுத்தமாக இருந்தும் ராத்திரிக்கு நாலைந்து சொட்டு என்றால் கீழே ஒரு அட்டையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். எங்கள் வீட்டில் மாதாமாதம் அட்டை மாற்றுவது அப்பாவின் வேலை.